எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

போன மாதம் உங்கள் ஆய்வுக்கூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டினீர்கள். உலைச் சூட்டை எண்ணாகக் காட்டும் பெட்டியைப் பார்த்தேன், இரும்பின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவியைப் பார்த்தேன். புறப்படும்போது உங்களில் ஒருவரிடம், "சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "கருவி தப்பாக் காட்டாதுங்க ஐயா" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் நான் கேட்டது கருவியைப் பற்றி இல்லை. பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் கூடவே வந்தது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வேலைநாட்களில் பாதி இரும்புக்கும் பாதி கடற்பாசிக்கும் போயிற்று. இரண்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் சிரிப்பீர்கள். என் அப்பாவும் சிரித்தார். சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர் அவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். படித்து முடித்து ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், "அங்க என்னடா செய்யற?" என்று கேட்டார். "பாசி காய்ச்சறோம்ப்பா" என்றேன். "கல் உடைச்சா கூலி. பாசி காய்ச்சினா சம்பளமா?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அம்மாவுக்கு வேறு கவலை. என் சட்டையில் எப்போதும் மீன்வாடை. ஈஸ்டருக்கு முன் இறைச்சி விலக்கி மீன் சாப்பிடும் தபசு காலத்தில் மட்டும், "பையன் காலத்துக்கேத்த வேலையிலதான் இருக்கான்" என்று ஒப்புக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சேலம், நாமக்கல், சங்ககிரி என்று எங்கு பார்த்தாலும் லாரிகள் பெருகிக்கொண்டிருந்தன. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் இரும்புப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தையும் ரோட்டுப் பள்ளத்தையும் தாங்குபவை அவைதான். அவற்றைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எதிலாவது முக்கி இறுக்க வேண்டும். தண்ணீரில் முக்கினால் சட்டென்று ஆறிக் கடினமாகும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாமல் கீறியும் போகும். எண்ணெயில் முக்கினால் நிதானமாக ஆறும், கீறாது. ஆனால் அதற்கேற்ற எண்ணெய் அந்த நாளில் குதிரைக்கொம்பு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் கடற்பாசி வந்தது. பாசியைக் காய்ச்சி எடுத்த பொடியைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். சிவந்த இரும்பு உள்ளே போனதும் அந்தக் கொழகொழப்பு அதைச் சுற்றி ஒரு போர்வை மாதிரி நின்று, அவசரப்பட்டு ஆறவிடாமல் பிடித்துக்கொள்ளும். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த வரைக்கும் பட்டை கீறவே இல்லை.

அந்தப் பொடியை எடுத்தவர் எங்கள் வேதியியல் அறையில் இருந்த ஒரு பெண். இராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் அக்கா என்போம், பட்டறைக்காரர்கள் பாசியக்கா என்பார்கள். அவருடைய அறை ஒரு பழைய சாமான் அறை. ஜன்னல் ஒன்று, மண்பானைகள் பல. பொடியைச் சுத்தம் செய்ய, பாசி நீரில் சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விடுவார். மறுகணமே பானைக்குள் நூல் நூலாகத் திரிந்து நிற்கும். மீதி வெறும் தண்ணீர்.

"சுண்ணாம்பைக் கண்டா போதும் அருளப்பன், தண்ணியை விட்டுட்டு அதோட ஓடிப்போயிரும். பெத்து வளர்த்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்காது" என்று என்னிடம் சொல்வார்.

இதனால்தான் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை இருந்தது. பாசிப் பொடியைக் காவேரித் தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அத்தனையும் பாறையிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு.

நாமக்கல்லுக்கு வெளியே சேலம் ரோட்டில் ஒரு பட்டறையில் சோதனையை வைத்துக்கொண்டோம். லாரி கொடுத்தவர் செங்கோடக் கவுண்டர். தோட்டம் துரவு உள்ள குடும்பம். லாரித் தொழிலுக்குப் புதுசு. வண்டி ஓட்டுபவர் அவருடைய தம்பி ராசு. ஜேடர்பாளையம் அணைக்கட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ராசு பீப்பாய்களில் காவேரித் தண்ணீர் பிடித்து வந்து பட்டறைத் தொட்டியில் ஊற்றுவார்.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கே காவேரித் தண்ணில தலைக்கு ஊத்தக் குடுப்பினை இல்லீங்க. இந்த இரும்புக்கு வந்த யோகத்தப் பாருங்க" என்பார் கவுண்டர்.

ஒரு வண்டிக்கு வேண்டிய பட்டைகள் எல்லாம் பாசித் தண்ணீரில் முக்கி எடுக்கப்பட்டன. அரம் போட்டுப் பார்த்தாயிற்று, கடினம் சரியாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியில் மாட்டியும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலை பூசை. பூசை முடிந்ததும் வண்டி சேலம் போய் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாக வடக்கே போக வேண்டும். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாசிப் பட்டை மாட்டிய லாரி ரோட்டில் ஓடுகிறது என்று காட்டினால் அக்காவின் அறை நிற்கும். இல்லாவிட்டால் பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியதுதான். இதை வெளிப்படையாகவே எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

நானும் அக்காவும் முதல் பஸ்ஸில் நாமக்கல் வந்து இறங்கினோம். பட்டறை வாசலில் சாமந்தி மாலையும் சந்தனமுமாக லாரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. கவுண்டரின் மனைவி கற்பூரத் தட்டோடு இருந்தார். நான் பின்பக்கம் தொட்டிக்குப் போனேன். வேலை முடிந்த பாசித் தண்ணீரில் ஒரு சீசா பிடித்து வரச் சொல்வது அக்காவின் பழக்கம்.

சீசாவைத் தொட்டியில் அமிழ்த்தினேன். தண்ணீர் ஏறவில்லை. வாய் அடைத்திருந்தது. கையை விட்டேன். விரல்களில் இடியாப்பம் மாதிரி நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

பட்டறை ஆசாரி விபூதி பூசிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"ஆசாரி, இதுல கிணத்துத் தண்ணி ஊத்துனீங்களா?"

"ஆமாங்க சாமி. ஆவியாப் போயித் தொட்டி கொறஞ்சு போச்சுங்க. ராசு தண்ணிக்கு நாளைக்குத்தான் வருவேன்னு சொல்லிப்போட்டான். நாலு கொடம் சேந்தி ஊத்துனனுங்க."

"எப்போ?"

"மெயின் பட்டை போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடிங்க. அதுதானுங்களே கடைசி."

"ஆத்துத் தண்ணிதான் ஊத்தணும்னு சொல்லியிருந்தமே ஆசாரி."

"சொன்னீங்க. நானும் அது உங்களுக்கு ஒரு சாங்கியமாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துத் தண்ணி கொண்டாந்து தெளிக்கறமில்லீங்களா, அதாட்ட. ஆரம்பத்துல ஊத்தியாச்சு, பொறவு கொறைக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டளையைச் சொன்னோம், காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் சொல்லாத கட்டளை சாங்கியமாகத்தான் போய்ச் சேரும். சாங்கியத்தைச் செய்கிற மாதிரிதான் அவரும் செய்தார், மரியாதையாக, ஆரம்பத்தில் ஒரு தரம்.

வாசலில் தேங்காய் உடைந்த சத்தம் கேட்டது.

நூல் சுற்றிய கையோடு அக்காவிடம் ஓடினேன். என் விரல்களைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருடைய ஜன்னலும் பானைகளும் அந்த விரல்களில் தொங்குவதை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டது வேறு.

"சந்தேகமா, பயமா?"

எனக்குப் புரியவில்லை.

"சந்தேகம்னா எங்கேன்னு விரல் வெச்சுக் காட்டலாம். பயம்னா காட்ட முடியாது, அது எல்லா இடத்துலயும் இருக்கும். எது உங்களுக்கு?"

யோசித்தேன். மற்ற பட்டைகள் எல்லாம் நல்ல பாசித் தண்ணீரில் முங்கியவை. மெயின் பட்டைகள் மட்டும் தண்ணீர் திரிந்த பிறகு முங்கியவை. பாசி நூலாகப் போய்விட்டால் மிச்சம் இருந்தது வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் இந்த இரும்பு கீறலாம். அடுக்கின் மேலே நீளமாக இருக்கும் மெயின் பட்டையின் முனையில் உள்ள வளையம்தான் அச்சை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அது கணவாய் வளைவில் பாரத்தோடு விட்டுப்போனால் அச்சு ஒரு பக்கம் இழுக்கும். வண்டி பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும்.

"சந்தேகம்தான்க்கா. மெயின் பட்டை. அது மட்டும்."

"அப்ப போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா என் பாசியைக் காப்பாத்தப் பேசறதா நினைப்பாங்க. சுண்ணாம்பு என் சங்கதி. இரும்பு உங்க சங்கதி."

வாசலுக்கு வந்தேன். அதற்குள் ராசு வண்டியை எடுத்துவிட்டார். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. வண்டி பட்டறை வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறி, எதிரே இருந்த புளியமரத்தடிக்குப் போயிருந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடி நின்றேன்.

ராசு தலையை வெளியே நீட்டினார். "என்னுங் சார், சேலம் வரைக்கும் வாறீங்களா? பஸ்ஸுக்குச் சில்லறை இல்லியா?"

"நிறுத்துங்க. பட்டையைக் கழட்டணும்."

பின்னால் வந்துகொண்டிருந்த கவுண்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க சொல்றீங்க? எலுமிச்சம்பழம் நசுங்கியாச்சுங்க. பூசை போட்டு முன்னால வெச்ச சக்கரம் பின்னால வரலாமுங்களா?"

காரணத்தைச் சொன்னேன். இந்தத் தடவை முழுக்கச் சொன்னேன், சுண்ணாம்பில் ஆரம்பித்துக் கணவாய் வரைக்கும். கவுண்டர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் நசுங்கிய பழத்திலேயே இருந்தது.

"அரம் போட்டுப் பார்த்து நல்லா இருக்குதுன்னு நேத்து நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"கடினத்துக்கு அரம் போட்டோம். கீறல் அரத்துக்குத் தெரியாதுங்க."

"சேலத்துல மூட்டைக்காரன் உக்காந்திருக்கான். நான் போகலீன்னா வேற வண்டிக்கு ஏத்திப்போடுவான். அது கெடக்கட்டும், போனாப் போவுது. பூசை போட்ட வண்டியப் பட்டறைக்குள்ள திருப்பி உட்டா, பொறவு எந்த நேரம் எது நடந்தாலும் இதத்தானுங்க சொல்லும் எங்க ஊடு. ஓட்டறது எந்தம்பிங்க."

"அதனாலதாங்க சொல்றேன்."

ராசு இறங்கி வந்தார். "விடுங்கண்ணா. சார் வேதக்காரரு. நம்ம எலுமிச்சம்பழம் அவருக்கு ஊறுகாய்க்குத்தான். அவங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வரச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எங்கள் தெரு நினைவுக்கு வந்தது.

எங்கள் கோயில் திருநாளில் மாதாவின் சப்பரம் தெருச்சுற்றி வரும். புறப்பட்ட சப்பரம் திரும்பாது. ஒரு வருசம் பாதித் தெருவில் பெருமழை பிடித்துக்கொண்டது. சாமியாரே, "கோயிலுக்குத் திருப்புங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தார். ஒருத்தர் கேட்கவில்லை. சப்பரம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆளுக்கொரு பக்கம் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள். என் அம்மா குடத்து வாய்க்கு வைக்கிற தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். மழை விட்ட பிறகு, அங்கிருந்து முன்னால் போயிற்று. இப்போது ஒருத்தன் வந்து மாதாவைப் பின்னால் திருப்பு என்றால் என் அம்மா அவனை என்ன பேசியிருப்பார்?

"கவுண்டருங்க, வண்டி பின்னால வர வேண்டாம்" என்றேன். "ஒரு சாண்கூட வர வேண்டாம். நின்ன இடத்துலயே நிக்கட்டும். பட்டறை இங்க வரட்டும். ஜாக்கி, கட்டை, ஸ்பானர் எல்லாம் ரோட்டுக்குக் கொண்டாருவோம். இங்கயே கழட்டி, இங்கயே பார்த்து, மூஞ்சி சேலத்தைப் பார்த்தபடியே புறப்படட்டும். எங்க சப்பரமும் திரும்பாதுங்க. மழை வந்தா நிக்கும். நிக்கறது வேற, திரும்பறது வேறதானுங்களே?"

கவுண்டர் ரோட்டில் நசுங்கிக் கிடந்த பழத்தை மறுபடியும் பார்த்தார். கற்பூரத் தட்டை இன்னும் கையில் வைத்திருந்த அவர் மனைவிதான் சொன்னார்.

"அவரு சொல்றது நாயந்தானுங்க. வழியில டயரு வெடிச்சா நிறுத்தறதில்லையா? அதாட்ட நெனச்சுக்கங்க. கழட்டச் சொல்லுங்க."

பட்டறை புளியமரத்தடிக்கு வந்தது. ஆசாரி யாரும் சொல்லாமலே முதல் ஆளாகக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்திப் பட்டைக் கட்டுகளை இறக்கினோம். அந்த ரோட்டில் போன பஸ்ஸெல்லாம் நின்று நின்று போயிற்று. "சாமி வண்டி படுத்துக்கிச்சா?" என்று ஒரு கண்டக்டர் கத்திவிட்டுப் போனார். ராசு புளியமர வேரில் உட்கார்ந்து பீடி பிடித்தார்.

கீறல் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. மண்ணெண்ணெயும் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பும்தான். மெயின் பட்டைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். பிறகு துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பைப் பூசி வெயிலில் காயவிட்டோம். கீறல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசியும். வெள்ளையில் கறுப்பாய் ஒரு மயிரிழை தெரியும். காலையில் எங்களைக் கெடுத்த சுண்ணாம்பையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா அதைக் கவனித்துத் தனக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். வேறு எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

காத்திருந்த அந்த நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கோடு தெரிந்தால் ஒரு உயிர் பிழைத்தது, அக்காவின் அறை போயிற்று. கோடு தெரியாவிட்டால் நான் ஒரு நல்ல காரியத்தை ஊர் பார்க்க நிறுத்திய பைத்தியக்காரன். எது வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

முதல் பட்டை காய்ந்தது. வெள்ளை. இரண்டாவது வெள்ளை. வளையம் வளையமாக, ஓரம் ஓரமாகக் குனிந்து பார்த்தேன். புரட்டிப் போட்டு மறுபடியும் ஊறவைத்துப் பூசினோம். எல்லாப் பட்டைகளும் பொங்கலுக்கு அடித்த சுவர் மாதிரி சுத்தமாக இருந்தன.

கீறல் இல்லை. நூலாகத் திரிந்தது போக, தொட்டியில் கொஞ்சம் பாசி கரைந்தே இருந்திருக்க வேண்டும். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் ஒரு கறுப்புக் கோடு தெரிய வேண்டும், சொன்னவன் சொன்னது பலிக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஒரு கதை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் வேலைநாட்களில் நான் நிறுத்திய காரியங்களில் பெரும்பாலானவற்றில் கோடு தெரியவே இல்லை. அதற்காக நிறுத்தியது வீண் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கோடு தெரிந்தால்தான் நிறுத்தியது சரி என்று நினைக்க ஆரம்பித்தால், அடுத்த தடவை கை தூக்கத் தயங்குவீர்கள்.

அதைவிடக் கடினமான ஒன்று அதற்கப்புறம்தான் வந்தது.

"இப்ப என்னங்க சொல்றீங்க?" என்றார் கவுண்டர். "பழைய பட்டை கொட்டாயில கெடக்குது. வேணும்னா அதயே மாட்டிக்கறமுங்க. எனக்கு இதுவும் ஒண்ணு, அதுவும் ஒண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

'பழசையே மாட்டுங்க' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். வண்டிக்கு எது நடந்தாலும் என் தலைக்கு வராது. பாசி போனால் போகட்டும். அக்கா எனக்குச் சற்றுத் தள்ளி, முந்தானையால் கைச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

விரல் வைக்க ஒரு இடம் தேடினேன். காலையில் இடம் இருந்தது. மெயின் பட்டை. அதைக் கழற்றி, ஊறவைத்து, பூசிப் பார்த்தாயிற்று. இப்போது விரல் எங்கும் நிற்கவில்லை. வண்டி முழுக்க அலைந்தது. அப்படியென்றால் இது சந்தேகம் இல்லை, மற்றது.

"பாசிப் பட்டையையே மாட்டுங்க" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.

கவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முதலாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அப்படிங்களா? சரி. அப்ப நீங்களும் ஏறுங்க வண்டில. கணவாய் தாண்டி வுட்டுப்போட்டுப் போகச் சொல்றேன்."

நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லை. நான் ஏறினேன். ஏறி உட்கார்ந்தால் கதவு சாத்தவில்லை. பார்த்தால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா ஏறிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்குங்க பாசியக்கா?" என்றார் ராசு.

"வண்டியை எடுப்பா. பாசி என்னோடது."

ராசு வண்டியை எடுத்தார். மறுபடியும் பூசை எதுவும் போடவில்லை. வண்டிதான் திரும்பவே இல்லையே.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். அக்கா எதையும் மறைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரையும் புளியமரத்தடியையும் சேர்த்தே சொன்னார். "காவேரிக் கரையை விட்டு நகர முடியாத சரக்கை வெச்சுக்கிட்டு என்ன பண்ணறது?" என்று கேட்டார்கள். பட்டைக்குப் பாசி என்ற வேலை அத்தோடு நின்றது. அறையையும் எடுத்துக்கொண்டார்கள். அக்கா ஊர்ப்பக்கமே ஒரு வேலைக்குப் போனார். தொட்டியிலிருந்து நான் அள்ளிய அந்த நூல்களை அன்றைக்கே ஒரு தூக்குப் போசியில் போட்டு வைத்திருந்தார். அந்த மாதிரி நூலைப் புண்ணின் மேல் வைத்துக் கட்டலாமா என்று பார்ப்பதிலேயே பிறகு பல வருசம் கழித்தார். என்னையும் அந்த வேலைக்குள் இழுத்தார். இரும்புக்காரனான நான் பாதி ஆயுளைப் பாசிக்குக் கொடுத்தது அப்படித்தான். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. நான்தான் சில நாள் நினைத்துக்கொள்வேன். ராசுவின் வண்டி அதே பட்டைகளோடு நெடுநாள் ஓடியது. சேலத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரனை அடித்து, "சார், கழட்டட்டுங்களா?" என்று கத்துவார்.

உங்கள் கருவிகள் நல்ல கருவிகள். எங்கள் மண்ணெண்ணெயைவிட ஆயிரம் மடங்கு நல்லவை. ஆனால் அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று விரல் காட்டுகிறவர் நீங்கள்தான். பார்த்து முடிந்த பிறகு போகலாம் என்று சொல்கிறவரும் நீங்கள்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். மூட்டைக்காரர் சேலத்தில் இன்னும் காத்திருந்தார். கூரை உயரத்துக்கு ஜவ்வரிசி ஏற்றினார்கள். சாய்ந்த வெயிலில் தொப்பூர் கணவாயில் ஏறினோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் பாரம் ஒரு பக்கமாகச் சாய, அடியில் பட்டைகள் முனகுவது காலடியில் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தேன். ராசு எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே ரோட்டுக் குழி பார்த்துச் சக்கரத்தை இறக்குவது மாதிரி இருந்தது.

பெரிய வளைவு ஒன்று வந்தது. வண்டி சாய்ந்தது. அக்கா என் பக்கம் குனிந்து, ராசுவுக்குக் கேட்காமல் கேட்டார்.

"இப்ப என்ன அருளப்பன்? சந்தேகமா, பயமா?"

"பயம்தான்க்கா."

"எனக்கும்தான்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.